கடைசி வரிசைக்கு ஒரு கில்ட்

மார்ச் 9, சனி

இன்று கடையில் ஓர் ஆளின் இடுப்பை இரண்டு தரம் அளந்தேன். இரண்டு தரமும் வேறு வேறு அளவு வந்தது. டேப் பழசாகிவிட்டது போலும். மூன்றாம் தரம் எய்ல்சா தன் ஒற்றைக் கையால் அளந்தாள், சரியாக வந்தது. அவளும் அதே டேப்பால்தான் அளந்தாள்.

எய்ல்சா பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கடை அவளுடையது. டண்டீயில் கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ கில்ட் வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். கில்ட் என்றால் ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் கம்பளிப் பாவாடை. பாவாடை என்று வாய் தவறிச் சொன்னால் கோபிப்பார்கள். நான் அங்கே பல வருடமாகத் திருத்தல் வேலை செய்கிறேன். வார் மாற்றுவது, பக்கிள் தைப்பது, கலியாணத்துக்குப் பிறகு பெருத்துப் போன மாப்பிள்ளைகளுக்கு இடுப்பைத் தளர்த்துவது. பிரித்த கில்ட்டுகளுக்குக் கணக்கில்லை. முதலிலிருந்து தைத்தது ஒன்றுகூட இல்லை. அது எய்ல்சாவின் வேலை.

தோல்பைக் குழலும் ட்ரம்மும் வாசித்துக்கொண்டு அணிவகுத்துப் போகும் இந்தப் பகுதிப் பைப் பாண்ட்டுக்கும் அவள்தான் தலைவி. பெரிய ட்ரம் அடிக்கப் புதிதாக ஓர் ஆள் சேர்ந்திருக்கிறார். பாண்ட்டிடம் இருக்கும் பழைய கில்ட் எதுவும் அவர் இடுப்பைச் சுற்றி வரவில்லை. ஆகவே புதிதாகத்தான் தைக்க வேண்டும், நீதான் தைக்கப் போகிறாய் என்று எய்ல்சா சொல்லிவிட்டாள். கையில் மாவுக்கட்டோடு நிற்கிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது?

நான் அளந்த அந்த ஆள் பஸ் சாரதி. சீருடையோடு வந்தார். பெயரைக் கேட்டதும்தான் நம்முடைய ஆள் என்று தெரிந்தது. குணரத்தினம். முல்லைத்தீவு. பள்ளிக்கூட பாண்ட்டில் பெரிய ட்ரம் அடித்தவராம். அதற்குப் பிறகு இப்போதுதான் கையில் கோலை எடுக்கிறாராம். ஐம்பத்து மூன்று வயது என்று தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ரொறன்ரோவிலிருந்து சின்னத் தம்பி யசோதரன் பேசினான். மனைவிக்கு இரட்டைப் பிள்ளைகளாம், ஓகஸ்டில் பிறக்குமாம். வீடே துள்ளியது. இங்கே நான் பெரிய தம்பி வாகீசனின் குடும்பத்தோடு இருக்கிறேன். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் என் மடியில் வளர்ந்தவர்கள், இப்போது என்னைவிட உயரம். "அதுக்கென்ன, அக்கா இருக்கிறா தானே" என்று வாகீசன் போனில் சொன்னான். அதோடு முடிந்தது. ஜூலையில் நான் ரொறன்ரோ போகிறேன். திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மா போன பிறகு இவர்கள் இருவரையும் வளர்த்தவள் நான். எங்கே பிள்ளை பிறக்கிறதோ அங்கே நான் போவது இந்த வீட்டில் மழை பெய்வது மாதிரி. எனக்கும் அப்படித்தான். கைக்குழந்தையின் தலை மணம் எனக்குப் பிடிக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும்.

மார்ச் 14, வியாழன்

துணி வந்துவிட்டது. கரும்பச்சையும் கருநீலமும் பெரிய பெரிய கட்டங்களாக ஓடும், ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மஞ்சளில் மெல்லிய கோடு ஒன்று. பாண்ட்டுக்கென்றே நெய்த துணி. தூக்கினால் கைக்குழந்தையின் பாரம். நீராவி பட்டதும் ஆட்டு மணம் வருகிறது.

எய்ல்சா மகள் வீட்டுக்கு அபர்டீன் போய்விட்டாள், கை சரியாகும் வரை அங்கேதான். கடைச் சாவி என்னிடம்.

கில்ட்டின் முன்பக்கம் தட்டையாக இருக்கும். மடிப்பெல்லாம் பின்பக்கம். அந்த மடிப்பைத்தான் இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, மடித்த பிறகும் துணி மடிக்காதது மாதிரியே தெரிய வேண்டும். கட்டத்துக்குப் பக்கத்தில் அடுத்த கட்டம், கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்த கோடு, எதுவும் விட்டுப் போகக் கூடாது. மற்றது, ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரே மஞ்சள் கோடு வரும்படி மடிப்பது. நிற்கும்போது பின்பக்கம் முழுக்க மஞ்சள் கம்பி வேலி. நடந்தால் மடிப்பு விரிந்து, உள்ளே ஒளித்து வைத்த பச்சையும் நீலமும் எட்டிப் பார்க்கும். முதலாவதைக் கட்ட மடிப்பு என்றும் இரண்டாவதைக் கோட்டு மடிப்பு என்றும் எனக்குள் பெயர் வைத்திருக்கிறேன்.

கடையிலுள்ள தையல் பொம்மையின் இடது பாதியில் ஒன்றையும் வலது பாதியில் மற்றதையும் ஊசி குத்தி வைத்தேன். வியாழக்கிழமைகளில் குணரத்தினத்துக்கு லீவு. எதிரிலுள்ள தேவாலய மண்டபத்தில் பாண்ட் பயிற்சியும் அன்றுதான். பயிற்சிக்குப் போகுமுன் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"என்ர முதுகுப்பக்கம் எனக்குத் தெரியாதே. பாக்கிற ஆக்களுக்குத்தான் இது. நீங்கள் சொல்லுங்கோ, எது வடிவு?"

இந்த வீட்டிலும் கடையிலும் என்னிடம் எத்தனையோ கேட்கிறார்கள். உப்புப் போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா, சட்டை காய்ந்துவிட்டதா. எது வடிவு என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

கட்ட மடிப்பு.

மார்ச் 28, வியாழன்

கட்ட மடிப்பு கஷ்டம் என்று தெரிந்துதான் எடுத்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் துணியைச் சிறிது தள்ளிப் பிடிக்க வேண்டும், இடுப்புக்கு ஏறஏற ஒடுக்க வேண்டும், ஒடுக்கும்போது கட்டம் உடையக் கூடாது. கையால்தான் தைக்கிறேன். இன்று ஒரு மடிப்பை மூன்று தரம் பிரித்தேன். மத்தியானம் சாப்பிட மறந்து போனேன்.

அவர் ஒரு பெட்டி ரோல்ஸ் கொண்டுவந்தார். தானே பொரித்ததாம். உருளைக்கிழங்கு கொஞ்சம் கூட, மிளகு அளவு. கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பண்டம் வைக்கக் கூடாது என்று சொன்னேன். வாசற்படியில் இருந்து சாப்பிட்டோம். மனைவி தவறி ஒன்பது வருடமாம். மகள் மான்செஸ்டரில் படிக்கிறாளாம். வீட்டில் தனியாக இருந்தால் ரேடியோவோடு கதைக்கத் தொடங்கிவிடுகிறார், அதற்குப் பயந்துதான் பாண்ட்டில் சேர்ந்தாராம்.

"ரேடியோ மறுமொழி சொல்லுமோ?" என்று கேட்டேன்.

"சொல்லும். ஆனா என்ர கேள்விக்கு இல்லை."

பிறகு அவர் மண்டபத்துக்குப் போனார். நான் தைத்துக்கொண்டே இருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ட்ரம் கேட்டது. பைப்புக்காரர்கள் பாட்டுக்கு ஊத, அந்த ஒரு சத்தம் மட்டும் அடியில் தரையைத் தட்டிக்கொண்டே வரும். என் ஊசியும் அதே கதியில் போனது. இது நல்லது. தையல் ஒரே சீராக விழுகிறது.

ஏப்ரல் 4, வியாழன்

மச்சாள், வியாழக்கிழமையெண்டா மட்டும் ஏன் அயர்ன் பண்ணின சட்டை என்று வாகீசனின் மனைவி மிதுலா கேட்டாள். கடையில் அன்றைக்கு ஆட்கள் கூட வருவார்கள் என்றேன். அவள் பாத்திரம் கழுவப் போனாள். முதுகு குலுங்கியது. இருமலாக இருக்கலாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. தமிழ் ஆட்கள் எல்லோரும் கூடும் மண்டபத்தில் பொங்கலும் பிள்ளைகளின் நடனமும். வேட்டி கட்டிய ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். முதலில் ஆள் யாரென்று பிடிபடவில்லை. பிறகு, பொங்கல் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். கையில் பொங்கல் தட்டோடு நிற்கிறவரிடம்.

எனக்கு கில்ட் தைத்துத் தருகிறவர் இவர்தான் என்று நின்றவர்கள் எல்லோருக்கும் சொன்னார். கட்டம் உடையாமல் மடிப்பது எப்படி என்று நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தார். இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

காரில் வரும்போது, ஆர் அந்த ஆள் என்று வாகீசன் கேட்டான். கடைக்கு வருகிறவர் என்றேன். மிதுலாவுக்குத் திரும்பவும் இருமல்.

மே 2, வியாழன்

முடிந்துவிட்டது. வார் வைக்கவும் உள்துணி தைக்கவும் பாக்கி இருக்கிறது. மடிப்பு முடிந்துவிட்டது. பொம்மையில் போட்டுக் கடையின் மறுமூலைக்குப் போய்ப் பார்த்தேன். வெட்டாத, மடிக்காத துணி ஒன்று அங்கே நிற்பது மாதிரி இருந்தது. மஞ்சள் கோடு ஒன்றுகூட விலகவில்லை. இதை நான் செய்தேன். நாற்பத்தெட்டு வயதில் இதை நான் செய்தேன். கடையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன்.

மத்தியானம் எய்ல்சா வந்தாள், மாவுக்கட்டு இல்லாத கையோடு. கில்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து உள்பக்கம் பார்த்தாள். தன் முதல் கில்ட் இதில் பாதிகூட இல்லை என்றாள். பிறகு கதிரையில் இருந்து என்னையும் இருக்கச் சொன்னாள்.

பாண்ட் முழுக்கக் கோட்டு மடிப்பாம். தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம். நடக்கும்போது எல்லோருடைய முதுகிலும் ஒரே மஞ்சள் கோடு ஒன்றாக ஆட வேண்டும், அதுதான் அழகு. பெரிய ட்ரம் கடைசி வரிசையின் நடுவில் வரும். பாண்ட் கடந்து போன பிறகு சனம் கடைசியாகப் பார்ப்பது அவர் முதுகைத்தான். அது மட்டும் வேறாக இருந்தால் எல்லார் கண்ணும் அங்கேதான் நிற்கும். தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று எய்ல்சா தன்னையே திட்டிக்கொண்டாள். நானும் ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஏனோ கேட்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வதை நான் விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

வேறு துணியும் இல்லை. மில்லில் அடுத்த நெசவு இலையுதிர் காலத்தில்தானாம். ஜூலையில் ஆற்றங்கரை விழா ஊர்வலம். ஒன்றில் இதைப் பிரிக்க வேண்டும், அல்லது அவர் இந்த வருடம் நடக்க முடியாது.

மாலையில் அவர் வந்ததும் எய்ல்சாவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கில்ட்டைப் பார்த்தார். கிட்டப் போய்த் தொடாமல் பார்த்தார். பிறகு அவளிடம், தான் இந்த வருடம் ஊர்வலத்துக்கு வரவில்லை என்றார். அவள் கோபமாக ஏதோ சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டாள். நானும் அவரும் நின்றோம்.

"பிரிக்கிறது எனக்குப் பழக்கம்தான்," என்றேன்.

"வேண்டாம். ரெண்டு மாசம் இருந்து தைச்சிருக்கிறியள். பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

"அப்ப ட்ரம்?"

"ட்ரம் அடுத்த வருசமும் இருக்கும். இதைப் பிரிக்க விடமாட்டன்."

அவர் அப்படி உறுதியாகச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. என் தையல், என் ஊசி, பிரிப்பதா வேண்டாமா என்று சொல்ல இவர் யார்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாகவே இருந்தது. மிதுலா கதவைத் திறந்து, என்ன மச்சாள் முகமெல்லாம் சிரிப்பு என்றாள்.

மே 3, வெள்ளி

அவரிடம் சொல்லாமல் பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

மே 12, ஞாயிறு

பிரித்த துணியில் ஊசித் துவாரம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. பயந்து போனேன். ஈரத் துணி போட்டு நீராவியில் அழுத்த, கம்பளி மெல்ல மெல்லத் தானாக மூடிக்கொண்டது. சுண்ணாம்புக் கோட்டையும் தட்டிவிட்டேன். புதுத் துணி மாதிரி வந்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் அவர் வரும் நேரத்துக்கு முன் அதைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுகிறேன். பயிற்சிக்கு மட்டும் போகிறார், ஊர்வலத்துக்கு வரமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. கில்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். உள்துணி தைக்கிறேன், பார்க்கக் கூடாது என்றேன். அப்படி ஒரு விதியே இல்லை.

கோட்டு மடிப்பு எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே கோடு, ஒரே அளவு. துணியும் முந்தியதைவிடக் குறைவாகவே பிடிக்கிறது, மிச்சத்தை உள்பக்கம் விட்டுவிடலாம். கை தானாக ஓடுகிறது. தைத்த பகுதியைத் தூக்கி ஓர் உதறு உதறினேன். அந்தக் கம்பி வேலி விரிந்து, உள்ளேயிருந்து பச்சை பளிச்சென்று வந்து மறைந்தது. திரும்பத் திரும்ப உதறிப் பார்த்தேன். பக்கத்துப் பேக்கரிக்காரி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

மே 19, ஞாயிறு

வாகீசன் டிக்கெட் எடுத்துவிட்டான். ஒருவழி டிக்கெட். ஜூலை பதின்மூன்று, சனி, காலை.

அன்றைக்குத்தான் ஊர்வலம் என்று யாருக்கும் சொல்லவில்லை. அதற்கும் எனக்கும் என்ன? உடுப்பு நடந்தால் போதும், தைத்தவள் நிற்க வேண்டுமென்றில்லை.

இன்று கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

வாரும் பக்கிளும் வைத்தாகிவிட்டது. எய்ல்சா ஒவ்வொரு மடிப்பையும் தூக்கிப் பார்த்து, வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் தந்தாள். ஸ்கொட்லாந்துக்காரர்கள் லேசில் அப்படிச் செய்கிறவர்கள் அல்லர்.

அவர் வந்ததும் எய்ல்சா கில்ட்டைக் கையில் கொடுத்து உடைமாற்றும் அறைக்குள் தள்ளினாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. வந்தபோது முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, பக்கிளைத்தான் பார்த்தேன். வார் கடைசித் துவாரத்தில் நின்றது. பயிற்சியில் ட்ரம்மோடு நடந்து நடந்து மெலிந்திருக்கிறார். அளக்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

"பிரிச்சுப் போட்டியள்," என்றார்.

"ஓம்."

"விடமாட்டன் எண்டு சொன்னனான்."

"நீங்கள் கேட்டது எது வடிவு எண்டு. உங்களுக்கு நடக்கிறதுதான் வடிவு. நடக்கிறதுக்கு இதுதான் சரி. ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

கடைக்குள் வாசல் வரை நடந்தார், திரும்பி வந்தார். எய்ல்சா கையைத் தட்டினாள். நான் மடிப்புகளைக் கவனித்தேன். சரியாகத்தான் விழுந்தன.

விழாவன்று எங்கே நிற்பீர்கள், எந்தச் சந்தியில் என்று கேட்டார். அன்றைக்கு நான் விமானத்தில் இருப்பேன் என்றேன்.

"எப்ப திரும்பி வருவியள்?"

"திரும்பி வாற மாதிரிப் போகேல்லை."

அவர் தன் காற்சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கில்ட்டோடேயே மண்டபத்துக்குப் போனார். இன்றைக்குப் பயிற்சியில் ட்ரம் நித்திரையில் அடிப்பது மாதிரி இருந்ததாம், மூன்று தரம் நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்களாம். எய்ல்சா வந்து என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்?

ஜூன் 9, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் வாகீசனிடம் டிக்கெட்டை ஒரு கிழமை தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். அந்த டிக்கெட்டை மாற்ற இயலாது அக்கா, ஏன் என்று கேட்டான். ஊர்வலம் இருக்கிறது, நான் தைத்த கில்ட் நடக்கப் போகிறது என்றேன். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளை கதை சொல்வதைக் கேட்டுச் சிரிப்பது மாதிரி.

"வீடியோ எடுத்து அனுப்பிறன் அக்கா."

அப்போது என் வாயிலிருந்து வந்தது: "அப்ப நான் போகேல்லை."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். எனக்கே அது யார் சொன்னது என்று இருந்தது.

"எங்கை போகேல்லை?"

"ரொறன்ரோவுக்கு. போய்ப் பிள்ளையளைப் பாத்திட்டு வருவன். இருக்கப் போகேல்லை."

"அக்கா, நீங்கள் இல்லாட்டி யசோ என்ன செய்வான்?"

"அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, வாகீசன்."

மிதுலா எழுந்து அடுப்படிக்குப் போனாள். இந்தத் தரம் இருமல் இல்லை, வெளிப்படையாகச் சிரித்தாள். வாகீசன் எழுந்து மேலே போய்விட்டான். அந்த ஆளாலதானே என்று படியில் நின்று கேட்டான். நான் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். நல்ல பசி.

ஜூன் 11, செவ்வாய்

வாகீசன் என்னோடு கதைக்கவில்லை. காலையில் தானே தேநீர் போட்டுக்கொண்டான். சீனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சீனியில்லாமல் குடித்தான். நான் சொல்லவில்லை.

ஜூன் 12, புதன்

யசோதரனிடம் நானே சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்து, கடையிலிருந்து போன் எடுத்தேன். என்னென்ன நியாயம் சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். வரவில்லையடா என்று தொடங்கினேன். அந்தப் பக்கம் அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. என்ர மாமி, மனிசியின்ர அம்மா, ஏப்ரலிலேயே வந்திட்டா. அவவின்ர தங்கச்சியும் வந்து நிக்கிறா. இப்பவே ரெண்டு பேரும் ஆர் முதல் தூக்கிறதெண்டு அடிபாடு. உங்களை வேண்டாமெண்டு சொன்னா நீங்கள் மனம் நோவியள் எண்டுதான் நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அங்கை நீங்கள் தனிய எண்டு அண்ணை சொன்னவர். பிள்ளையள் வளந்திட்டினம், அக்காவுக்கு இனி என்ன இருக்கு, பாவம் எண்டவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. நான் இவர்களுக்காகப் போகவிருந்தேன், இவர்கள் எனக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தேவையில்லாத ஒரு டிக்கெட்டை எல்லோரும் அன்பாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அவனும் சிரிக்கத் தொடங்கினான். பிறகு மெதுவாக, அந்த ட்ரம்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்டான். மிதுலா அவனுக்கும் சொல்லியிருக்கிறாள்.

ரோல்ஸ் நன்றாகப் பொரிப்பார் என்றேன்.

ஜூன் 13, வியாழன்

ரொறன்ரோ இல்லை என்று அவரிடம் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. இன்றைக்குப் பயிற்சியில் ட்ரம் அளவுக்கு மிஞ்சிக் கேட்டதாக எய்ல்சாவின் முறைப்பாடு. பைப் ஒன்றும் கேட்கவில்லையாம்.

ஜூலை 13, சனி

காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. டே ஆற்றின் மேல் வெயில் விழுந்து கண் கூசியது. எல்லோரும் குடையை மடித்துக்கொண்டு தெருவோரத்தில் நின்றார்கள். மிதுலாவும் பிள்ளைகளும் என்னோடு வந்தார்கள். வாகீசனுக்கு வேலை.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு சந்தி திரும்பி எய்ல்சா. கன்னம் இரண்டும் உப்பி, மணிக்கட்டு முறிந்ததென்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் பைப்புகள், சின்ன ட்ரம்கள், கடைசி வரிசையில் அவர். பெரிய ட்ரம் வயிற்றை மறைத்துக்கொண்டு வந்தது. பஸ் ஓட்டும்போது இருக்கும் அதே முகம், யாரையும் இடித்துவிடக் கூடாது என்ற கவனம். என்னைக் கண்டார். தலையை அசைக்கவில்லை, அசைக்கக் கூடாது. ஆனால் இடக் கைக் கோல் ஒரு சுற்று அதிகமாகச் சுழன்றது.

அவர்கள் கடந்து போனார்கள். அத்தனை முதுகிலும் மஞ்சள் கோடுகள் ஒன்றாக இடம், ஒன்றாக வலம். அவருடையது எல்லாவற்றுக்கும் பின்னால். ஒவ்வொரு அடிக்கும் மடிப்பு திறந்து பச்சை வந்தது, மூடியது, திறந்து நீலம் வந்தது, மூடியது. நான் பிரித்தும் தைத்தும் தடவியும் வைத்த அந்தத் துணி தானாக மூச்சு விட்டுக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தன் மனைவியிடம், அந்தக் கடைசி ஆளின் கில்ட்டைப் பார், என்ன ஆட்டம் என்றார். தைத்தது நான் என்று நானே அவருக்குச் சொன்னேன். இப்படி முன்பின் தெரியாதவர்களிடம் நான் கதைப்பதில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

பூங்காவில் பாண்ட் கலைந்தது. அவர் ட்ரம்மைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு வந்தார். தோளில் பட்டி அழுத்திய தடம், நெற்றியெல்லாம் வியர்வை. பிள்ளைகள் இருவரும் ட்ரம்மைத் தட்டப் போய்விட்டார்கள். மிதுலாவுக்குத் திடீரென்று ஐஸ்கிரீம் தேவைப்பட்டது.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

"நல்லா விழுந்தது. ரெண்டாவது மடிப்பு மட்டும் கொஞ்சம் அழுத்த வேணும்."

அவர் தலையாட்டினார். புல்லைப் பார்த்தார்.

"கில்ட் முடிஞ்சுது. இனி வியாழக்கிழமையில நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு கடைக்கு வாறது?"

நான் சொன்ன மறுமொழியை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், நானே பிறகு மறந்துவிட்டதாக நடிக்கக் கூடாது என்பதற்காக.

"கடைக்கு ஏன் வாறியள்? வீட்டை வாங்கோ. தம்பியோட கதையுங்கோ. நானும் பக்கத்தில இருக்கிறன்."

ஜூலை 14, ஞாயிறு

கால் இரண்டும் விண்விண் என்று வலிக்கின்றன. ஊர்வலம் போன தூரம் முழுவதும் தெருவோரமாக நானும் கூடவே நடந்திருக்கிறேன். நேற்று அது தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

வந்தார். வாகீசன் வாசலில் கை கொடுத்தான், பிறகு வாயே திறக்கவில்லை. அவரும் ஏதேதோ தொடங்கிப் பார்த்தார், வானிலை, பஸ், கிரிக்கெட். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், அக்காவை நான் கொண்டுபோகேல்லை தம்பி, ரெண்டு பஸ் தரிப்பு தள்ளித்தான் என்ர வீடு என்றார். வாகீசன் எழுந்து உள்ளே போனான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். தேநீரோடு திரும்பி வந்தான். அவனே போட்டது. எவ்வளவு சீனி என்று அவரிடம் கேட்டான்.

ஒக்டோபர் 5, சனி

பதிவுத் திருமணம் பதினொரு மணிக்கு. அவருடைய மகள் நேற்றே மான்செஸ்டரிலிருந்து வந்துவிட்டாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். பாண்ட் ஆட்கள் அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வருவதாக எய்ல்சா சொல்லியிருந்தாள். அவர் வேட்டியில் வரப்போகிறாரா கில்ட்டில் வரப்போகிறாரா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், பாப்பம் என்பார்.

நான் காஞ்சிபுரம் உடுத்தினேன். புதுச் சேலை, விறைத்த பட்டு, மடிப்பாகக் கொய்து செருகினாலும் கீழே பரந்துகொண்டு நின்றது. யாராவது குந்தியிருந்து அடியில் மடிப்பைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். மிதுலா கூந்தலுக்குப் பூ தேடிக் கீழே போயிருந்தாள். கூப்பிட்டேன். கதவைத் திறந்து வந்தது வாகீசன்.

சூட் போட்டிருந்தான். சேலையைப் பார்த்தான். நான் கேட்காமலே தரையில் குந்தினான், புதுக் காற்சட்டை கசங்குவதைப் பார்க்காமல். சேலையின் அடியில் ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, விரலால் அழுத்தி அழுத்தி நேராக்கினான். இது அவனுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை, உச்சியில் விழத் தொடங்கியிருக்கிற வழுக்கை மட்டும் தெரிந்தது.

"அக்கா, நேரா நில்லுங்கோ," என்றான். "ஆடினா மடிப்புக் குழம்பிடும்."

தெருவில் பைப் முழங்கத் தொடங்கியது. அதற்கடியில் ட்ரம். பிள்ளைகள் படியில் தடதடவென்று இறங்கினார்கள். வேட்டியா கில்ட்டா என்று பார்க்க மிதுலா யன்னலுக்கு ஓடி, எல்லோரும் வாங்கோ என்று கூப்பிட்டாள். நான் அசையவில்லை. தம்பியின் கையில் இன்னும் ஒரு மடிப்பு இருந்தது.